பால் மரத்தின் குளிர்காலம்

கெடாவில் பனி கொட்டுவதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் தை பிறந்ததும் நம் தோட்டங்களுக்குக் குளிர்காலம் வந்துவிடுகிறது! ‘விண்டரிங்’ என்பது வெள்ளைக்காரத் துரைமார்கள் வைத்த பெயர். தங்கள் ஊரில் மரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கே பால் மரம் இலை கொட்டுவதைக் கண்டதும் அதே பெயரைச் சொல்லிவிட்டார்கள். நாமோ அதை இலையுதிர் காலம் என்கிறோம். நம் பெயரே பொருத்தமானது என்பது எங்கள் எண்ணம்.

இங்கிலாந்தில் மரம் குளிருக்கும் குறைந்த வெளிச்சத்துக்கும் அஞ்சி இலையை உதிர்க்கிறது. நம் பால் மரம் வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கிறது. மலேசியாவின் வடக்கே இருக்கும் நமக்கு ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்களில் மழை மிகவும் குறைவு. ஒவ்வோர் இலையும் நீராவி வெளியேறும் ஒரு வாசல். மண்ணில் ஈரம் குறையும்போது மரம் அந்த வாசல்களை மூடிவிடுகிறது. அவ்வளவுதான். மூன்று நான்கு வயதுக்கு உட்பட்ட இளங்கன்றுகள் இப்படி உதிர்ப்பதில்லை என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளே கவனித்திருப்பார்கள். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர்கள் தொங்கத் தொடங்கும். பிறகு அவை பச்சையாகி விறைத்து நிற்கும்.

சரி, பால் ஏன் குறைகிறது? இலை வெயிலைக் கொண்டு சர்க்கரையைச் செய்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் மரம் பாலை உண்டாக்குகிறது. இலை இல்லாதபோது புதுச் சர்க்கரையும் இல்லை. சேமித்து வைத்திருந்ததும் தளிர்களுக்குப் போய்விடுகிறது. மங்கில் பால் நிறையாத இந்த நாட்களில் ஆழமாகவோ அடிக்கடியோ வெட்டினால் பட்டை காய்ந்து, பின்னால் பாலே வராமல் போகலாம். தளிர்மேல் வெள்ளை மாவு பூத்தாற்போல் ஒரு பூஞ்சண நோயும் இந்தப் பருவத்தில் வரும். அதற்காகவே அதிகாலையில் கந்தகத் தூள் தூவுவார்கள். காய்ந்த சருகு முழங்கால் வரை கிடக்கும் நிரைகளில் நெருப்புக்குச்சி விளையாட்டு கூடவே கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு இருமுறை சொன்னாலும் தவறில்லை.

பால் குறைந்தால் சம்பளமும் குறையும். எடைக்குக் கூலி வாங்கிய குடும்பங்களுக்குத் தை, மாசி மாதங்களில் கடைக்கணக்கு ஏறியது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த நெருக்கடி இன்றும் உண்டு. அதனால் இந்த மாதங்களில் பெரிய செலவில் ஊர் சுற்றச் சொல்லமாட்டோம்.

நம் பால் மரம் இங்கே வந்த வழியிலும் ஓர் ஆற்றங்கரை இருக்கிறது. 1876-இல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து அனுப்பிய விதைகளை லண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கியூ தோட்டத்தில், கண்ணாடி வீட்டுக்குள் முளைக்க வைத்தார்கள். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்த ஊர் மக்கள் குளிர்காலத்திலும் கம்பளி உடுப்பைப் போட்டுக்கொண்டு விடுமுறை நாளில் ஆற்றோரம் நடக்கப் போகிறார்கள். கியூவின் கண்ணாடி வீட்டில் வெப்ப நாட்டு மரங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். காசு கொஞ்சம், பொழுது நிறைய. நமக்கும் இந்தப் பருவத்தில் அதே நிலைதான். நடப்பதற்குத் தரையும் காய்ந்திருக்கிறது.

தைப்பூசத்துக்குச் சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயிலுக்கு எல்லாரும் போகிறோம். அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து பீடோங் வழியாக மெர்போக் போய், புஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில் அது இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பலோட்டிகளுக்கு இந்த மலைதான் கரை காட்டும் அடையாளம். தமிழர்கள் கடாரம் என்று அழைத்த துறை இதுவே. 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்ததைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது.

அருங்காட்சியகத்தை ஒட்டிப் புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. சண்டி என்பது பழங்கோயிலுக்கு மலாயில் வழங்கும் பெயர். 1936, 37-இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் தோண்டிப் பார்த்த சிவன் கோயில் இது. பிறகு கற்களை அடுக்கி மீண்டும் கட்டினார்கள். ‘கூரை எங்கே?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். தரையிலுள்ள கல்பீடங்களைக் காட்டுங்கள். அவற்றில் தூண் நிறுத்திய குழிகள் இருக்கும். தூணும் கூரையும் மரமாக இருந்ததால் மக்கிவிட்டன. கருவறையும் முன்மண்டபமும் இருந்த இடம் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் பாறைகளின்மேல் ஓடை ஓடுகிறது. கட்டுச்சோற்றைப் பிரிக்க நல்ல இடம்.

இந்தச் சின்னங்கள் பல நம் தோட்ட மண்ணுக்குள்ளேயே இருந்தவை. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழ்வில் இரும்பு உருக்கிய உலைகளும், ஊதுகுழல்களும், படகுத்துறைகளும் வெளிவந்தன. ஆறு விலகிப் போனதால் துறை நிலத்துக்குள் நின்றுவிட்டது. அதே வட்டாரத்தில் 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அழிந்துபோன செய்தி 2013-இல் வெளிவந்தது. இடித்தது உடனே தெரியவில்லை என்றால், அங்கே போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை குறைவு என்று எண்ணிப் பாருங்கள்.

பொழுது மிச்சமிருந்தால் மெர்போக் ஆறு கடலில் சேரும் தஞ்சோங் டாவாய் வரை போகலாம். நெத்திலியும் கருவாடும் அங்கே மலிவாகக் கிடைக்கும். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. படகில் ஏறினால் சிறிது நேரத்தில் அக்கரை சேரலாம். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் ஏறும்போதே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.