கூட்டுறவுச் சேமிப்பும் கணக்காய்வாளர் பொறுப்பும்

லெம்பா பெர்த்தாம் போன்ற மலைப்பகுதிகளில், கொழுந்து பறித்தும் காய்கறி பயிரிட்டும் மிச்சம் பிடித்த பணத்தை எங்கே போட்டு வைப்பது? சிலர் தபால் நிலையச் சேமிப்புப் புத்தகத்தை நம்பினர். 1974இல் அந்தப் பொறுப்பு தேசிய சேமிப்பு வங்கிக்கு வந்தது. சிலர் கூட்டுறவுச் சங்கத்தை நம்பினர். தோட்டப்புறத்தில் கூட்டுறவு என்ற சொல்லுக்கு நல்ல பெயர் உண்டு. 1960இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதந்தோறும் கட்டிய பத்து வெள்ளியைக் கொண்டே தோட்டங்களை வாங்கிற்று.

அதே சொல்லை நம்பி வேறு பலர் ஏமாந்த கதை 1986இல் நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் 'கோசாத்து' என்னும் சங்கம் வைப்புப் பணத்தைத் திருப்பித் தர இயலாமல் நின்றது. ஆகஸ்டு 8ஆம் நாள், மத்திய வங்கியான பேங்க் நெகாரா மேலும் 23 சங்கங்களின் சொத்துகளை முடக்கியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி அகப்பட்டுக்கொண்டது. அவர்களிற் பெரும்பாலோர் சீன சமூகத்தின் சிறு வியாபாரிகளும் உழைப்பாளிகளுமே.

பணம் எங்கே போயிற்று? நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட வெள்ளை அறிக்கை விடை சொன்னது. இயக்குநர்களுக்கும் அவர்களோடு தொடர்புடைய நிறுவனங்களுக்கும் கடன். நிலத்திலும் பங்குகளிலும் சூதாட்டம் போன்ற முதலீடு. 1985இல் விலைகள் சரிந்ததும் குட்டு வெளிப்பட்டது.

அப்படியானால் கணக்காய்வாளர் என்ன செய்துகொண்டிருந்தார்? கணக்காய்வாளர் வேலை கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பதோடு முடிவதன்று. பத்து இலட்சம் வெள்ளி கடன் என்று ஏட்டில் இருந்தால், வாங்கியவர் யார், ஈடாக வைத்த நிலம் அந்த விலை பெறுமா, வட்டி உண்மையாக வந்ததா, அல்லது பழைய வட்டியைக் கட்டவே புதுக் கடன் கொடுத்தார்களா என்று அவர் கேட்கவேண்டும். வராத வட்டியை வருமானமாக எழுதினால் நட்டமும் இலாபமாகத் தோன்றும். அந்த 'இலாபத்தை'க் காட்டியே புதிய வைப்புகளைச் சேர்க்கலாம்!

ஆனால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து. அவர் எழுதித்தான் கொடுக்கலாம். கதவை மூடும் அதிகாரம் அவருக்கில்லை. இச்சங்கங்கள் வங்கியைப் போல் பணம் வாங்கின. ஆயினும் வங்கிச் சட்டத்துக்கு உட்படவில்லை. கூட்டுறவுப் பதிவாளரின் இலாகாதான் அவற்றைப் பார்த்துவந்தது. சில சங்கங்களை நடத்தியோர் அரசியல் செல்வாக்குடையோர், கே.எஸ்.எம். சங்கம் ஆளுங்கூட்டணியிலிருந்த ம.சீ.ச. கட்சியோடு தொடர்புடையது. ஆளுங்கட்சிப் பிரமுகர் தலைமையில் இருக்கும்போது எந்த அதிகாரி துணிந்து கணக்கைத் திறப்பார்?

பின்னர் சில இயக்குநர்கள் மீது வழக்குகள் நடந்தன. அரசும் பேங்க் நெகாராவும் மீட்புத் திட்டங்களை வகுத்தன. ஆனால் பணம் ஒரேயடியாகக் கைக்கு வரவில்லை. 1993இல் புதிய கூட்டுறவுச் சட்டம் வந்தது. 2008இல் மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையம் செயல்படத் தொடங்கியது. உறுப்பு வங்கிகளில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பாதுகாப்பளிக்கும் வைப்புக் காப்புறுதி, கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கு இல்லை. ஆகவே ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகும் உறுப்பினர், தேநீருக்கு முன்பே எழுந்து, நிர்வாகக் குழுவினர் வாங்கிய கடன் எவ்வளவு என்றும், சென்ற ஆண்டுக் கணக்கில் கணக்காய்வாளர் தனியே குறித்தது என்ன என்றும் கேட்கலாம்.