மிதவை சுவிட்சுக்கு வயர் இழுப்போர் கவனத்திற்கு

மோட்டார் அறை கிணற்றடியிலும், தொட்டி வீட்டோரமும் இருந்தால், தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நிற்பதற்கு மிதவை சுவிட்ச் வசதியானது. பொம்மிடிப் பக்கம் இதற்கு ஸ்டார்ட்டரிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்துவிடுகிறார்கள். மெல்லிய வயர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. மும்முனை ஸ்டார்ட்டரின் காயில் பெரும்பாலும் 415 வோல்ட்டில் வேலை செய்வது. அதே மின்னழுத்தம் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி வரை போகிறது! வயரின் உறை சற்றுக் கிழிந்தாலும் உயிருக்கு ஆபத்து.

ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் ரிலேயும் வைத்து, மிதவையை 24 வோல்ட்டில் மட்டும் இணைக்க வேண்டும். மிதவை ரிலேயை இயக்கும். ரிலே காயிலைத் துண்டிக்கும். டிரான்ஸ்பார்மரின் இரு சுற்றுகளும் தனித்தனியாக இருப்பது அவசியம். தொட்டிக்குப் போகும் வயரை மோட்டார் கேபிளோடு சேர்க்காமல், தனி பி.வி.சி. குழாயில் புதைக்கவும். நடுவில் ஒட்டு கூடாது.

இணைப்பு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. அவரும் மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். கழற்றாமல் வேலை செய்பவர்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன்.