தகுதிகாண் ஓட்டமும் கால இடைவெளியும்

மோட்டார்ப் பந்தயத்தை விளையாட்டுப் பகுதிக்குரிய செய்தியென்று ஒதுக்கிவிடுவது ஆய்வேடுகளின் வழக்கம். மலையகத்தைப் பொறுத்தவரை அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தொட்டத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மலையேற்றப் பந்தயம், இந்நாட்டின் மிகப் பழைய மோட்டார்ப் போட்டிகளுள் ஒன்று. வெள்ளைத் துரைமார் காலத்தில் தோன்றிய விளையாட்டு அது. ஓடிய பாதையோ தொழிலாளர் கைபட்ட தோட்டப் பாதை. இன்று ஏப்ரல் மாதப் பந்தயங்களைக் காணப் பொகவந்தலாவையிலிருந்து செல்லும் இளைஞர் “இன்னார் இன்னாரைவிட இரண்டு செக்கன் பின்” என்று பேசிக்கொண்டு திரும்புகின்றனர். அந்த இரண்டு செக்கன் எதனை அளக்கின்றது என்பதே இங்கு ஆராயப்படுவது.

மலையேற்றப் பந்தயத்தில் ஒவ்வொரு காரும் தனித்தே ஓடும். எதிரி, கண்ணெதிரே இல்லை, கடிகாரமே எதிரி. உலகப் பந்தயங்களில் முதன்மைப் போட்டிக்கு முன் நடைபெறும் தகுதிகாண் ஓட்டமும் இத்தகையதே. குறித்த நேரத்துள் ஒவ்வொருவரும் தமது மிக விரைவான ஒரு சுற்றை ஓடிக் காட்டுவர். அந்த நேரங்களின் வரிசையே புறப்படும் வரிசையாகின்றது. ஆகவே, இருவரிடையே ஏட்டிற் பதியப்படும் இடைவெளி பாதையில் எவரும் கண்ட இடைவெளியன்று. ஒருவர் ஓடிப் பத்து நிமிடம் கழித்து மற்றவர் ஓடியிருக்கலாம். அதற்குள் சில்லுகளின் ரப்பர் படிந்து பாதையின் பிடிமானம் கூடியிருக்கும். அல்லது, நுவரெலியாவில் அடிக்கடி நேர்வதுபோல, மூடுபனி இறங்கிப் பாதை ஈரமாகியிருக்கும். இரண்டு வேறுபட்ட பொழுதுகளை அருகருகே வைத்துக் கழித்துப் பெற்ற எண்ணே அந்த இடைவெளி.

அடுத்து, காலத்தைத் தூரமாக எண்ணும் மயக்கம். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்கு ஒரு நிமிட இடைவெளியில் இரு கொழுந்து லொறிகள் வருவதாகக் கொள்வோம். சமதரையில் அவற்றிடையே பல நூறு மீற்றர் இருக்கும். ஏற்றத்திலும் முடக்குகளிலும் முன்லொறி வேகம் தணியவே பின்லொறி அதனை நெருங்கிவிட்டதுபோற் காணும். உண்மையில் இடைவெளி அதே ஒரு நிமிடந்தான். மாறியது தூரம் மட்டுமே. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் பத்திலொரு செக்கன் என்பது ஏறத்தாழ 1.7 மீற்றர்; 300 கிலோமீற்றர் வேகத்தில் அதுவே 8.3 மீற்றர்.

இக்கணக்கு எவ்வளவு நுண்மையாகலாம் என்பதற்கு 1997ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் நகரில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீ சான்று. வில்னவ், ஷூமாக்கர், பிரென்ட்சன் ஆகிய மூவரும் 1 நிமிடம் 21.072 செக்கன் என்னும் ஒரே நேரத்தைப் பதித்தனர். அச்சுற்றின் சராசரி வேகத்தில் ஆயிரத்திலொரு செக்கன் என்பது மூன்று விரற்கடை அளவு தூரம். அதனினும் நுண்ணிதாக அளக்கும் ஏற்பாடு இல்லாமையால், நேரத்தை முதலிற் பதித்தவர் என்ற முறையில் வில்னவ் முதலிடம் பெற்றார்.

மூன்றாவதாக, செக்கனைச் சுற்றின் நீளத்தோடு சேர்த்தே நோக்கல் வேண்டும். 2020ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் முதலிடம் பெற்ற ஹமில்டனின் நேரம் 1 நிமிடம் 41.252 செக்கன், இரண்டாமவர் 0.511 செக்கன் பின். அஃதாவது, நூற்றுக்கு அரை வீதம். அதே ஆண்டு பஹ்ரெய்னின் குறுகிய பாதையில் முதலிட நேரம் 53.377 செக்கன் மட்டுமே. அங்கு அரைச் செக்கன் பிந்தியவர் நூற்றுக்கு ஒரு வீதத்தை அண்மிக்கப் பிந்தியவராவார். ஒரே அரைச் செக்கன். பின்னடைவோ ஏறத்தாழ இரு மடங்கு.

இவ்வீதக் கணக்கே சட்டமாகவும் ஆயிற்று. போர்முலா வண் பந்தயத்தில் 1996இல் வந்து, 2003இல் கைவிடப்பட்டு, 2011இல் மீண்ட விதியொன்றுண்டு. முன்னணி நேரத்தின் 107 வீதத்துள் சுற்றை முடிக்காதவர், நடுவர் விசேடமாக இசைந்தாலன்றி, பந்தயத்தில் இறங்க இயலாது. இதன் இயல்பை விளங்கிக்கொள்ளத் தோட்டத்தாருக்கு உரை வேண்டியதில்லை. மாலையில் தராசில் விழும் கொழுந்து குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். பறித்த மலை அடர்ந்த வீ.பி. தேயிலையா, இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலையா, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம், வெயிலா மழையா என்பனவெல்லாம் அந்தக் கிலோவுக்குள் அடங்கியுள்ளன. எனினும் ஏட்டில் அவை காண்பதில்லை. அங்கு காண்பது அவள் பெயரும் அவளது குறைவுமே. (மகாகஸ்தொட்டவில் இயந்திரக் கொள்ளளவின்படி கார்களை வகுப்புகளாகப் பிரித்தே ஒப்பிடுகின்றனர். கார்களுக்குக் காட்டப்படும் இந்நியாயம் நோக்கற்பாலது.)

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா வண்ணில் ஓடிய முதல் இந்தியர். 2011 மார்ச்சில், எச்.ஆர்.ரி. என்னும் வறிய ஸ்பானிய அணிக்காக மெல்பேர்ண் தகுதிகாண் ஓட்டத்தில் இறங்கினார். 2005க்குப் பின் கிராண்ட் பிரீயில் அவர் ஓடியதில்லை. அணியின் புதிய கார், பருவத்துக்கு முந்திய பரிசோதனை ஓட்டம் எதிலும் ஓடியிராதது. முதற் பகுதியின் முன்னணி நேரம் 1 நிமிடம் 25.296 செக்கன், 107 வீத எல்லை 1 நிமிடம் 31.266 செக்கன். கார்த்திகேயன் பதித்தது 1 நிமிடம் 34.293 செக்கன். பந்தயத்தில் அவருக்கு இடமில்லை.

முன்னணியிலிருந்து 8.997 செக்கன்! அக்காலத்து ஏளனங்கள் இவ்வெண்ணையே பற்றி எழுந்தன. ஆனால், அதே அணியின் அதே வகைக் காரை ஓட்டிய இத்தாலியர் லியுட்சியும் எல்லையைத் தாண்டவில்லை. அவர் நேரம் 1 நிமிடம் 32.978 செக்கன். ஆக, ஒன்பது செக்கனில் 7.682 செக்கன் இருவர்க்கும் பொதுவானது. அதிற் பெரும்பங்கு காரினதும் அணியின் வறுமையினதும் என்றே கொள்ள வேண்டும். எஞ்சிய 1.315 செக்கன் பற்றியே கார்த்திகேயனை வினவலாம். அதிலும் இயந்திரக் கோளாறு, பழக்கக் குறைவு ஆகியவற்றுக்குப் பங்குண்டு. அவருக்குச் சாதகமாக மட்டும் எழுதுதல் ஆய்வாகாது என்பதால் இதனையும் கூறவேண்டும்: ஒரே காரில் ஒன்றேகாற் செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாடு சிறிதன்று. 1988இல் மொனாக்கோவில் சென்னா, தம் அணித் தோழர் புரொஸ்டை 1.427 செக்கனால் முந்தியதை இன்றும் வியந்து பேசுகின்றனர்.

மெல்பேர்ண் ஓட்டம் நடந்து இரு வாரங்களில் மலேசியப் பந்தயம் வந்தது. கார் சற்றே ஒழுங்குபட்டிருந்தது. கார்த்திகேயனும் லியுட்சியும் 107 வீத எல்லைக்குள் சுற்றை முடித்துப் பந்தயத்தில் இறங்கினர். அடுத்த ஆண்டும் இதுவே நிகழ்ந்தது: பரிசோதனை ஓட்டம் காணாத புதிய கார், மெல்பேர்ணில் இரு ஓட்டுநரும் எல்லைக்கு வெளியே, மலேசியாவில் இருவரும் உள்ளே. 2012இன் மெல்பேர்ண் ஏட்டில் கார்த்திகேயனின் நேரம் 1 நிமிடம் 33.643 செக்கன், அம்முறை அவருடைய அணித் தோழர் டி லா ரோசா அவரினும் விரைந்தது 0.148 செக்கன் மட்டுமே.