ஜகார்த்தாவில் ஜெயித்த வாத்தியார்

ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1952. யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. நம் ஆட்டக்காரர்கள் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஓடினார்கள். அந்த அணியின் பயிற்சியாளர், ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கிய சையது அப்துல் ரஹீம். பத்தே ஆண்டில் அவரே இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கித் தந்தார். அப்போதே புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11 அன்று காலமானார்.

இந்த வாழ்க்கையைச் சொன்ன இந்திப் படம்தான் ‘மைதான்’. இயக்கம் அமித் சர்மா, ரஹீமாக அஜய் தேவ்கன், இசை ஏ.ஆர். ரஹ்மான். கொரோனா, புயலில் சேதமான செட் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய் 2024 ஏப்ரலில் வந்து, வசூலில் தோற்றது. தோற்றிருக்கக் கூடாத படம்.

ஆனாலும் அதனோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. சூழ்ச்சி செய்யும் நிர்வாகியும் பத்திரிகையாளரும் கதைக்காகப் படைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குப் போன நேரத்தில் பாதியாவது ரஹீமின் அன்றாட வேலைக்குப் போயிருக்கலாம். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் போக, டிரிபிள் செய்யவே கூடாது என்ற விதியோடு போட்டி நடத்தியவர் அவர். பலவீனமான காலால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமுக்குப் பயிற்சிக்கு வர வழியில்லை என்றதும், சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியில் அந்தப் பையனும் இருந்தான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு தனிக்கதை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இடம் மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்ததால் ஊரே இந்தியர்மேல் கொதித்திருந்தது. தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் கோல் அடித்தார். செப்டம்பர் 4, ஒரு லட்சம் பேரின் கூச்சல், தென்கொரியாவுக்கு எதிராக 2-1. கோல்கம்பத்தைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு வரவே இல்லை.

இங்கிலாந்தில் பிரையன் கிளஃப், லீட்ஸ் யுனைடெட் பயிற்சியாளராக 44 நாள் மட்டுமே தாக்குப்பிடித்த 1974ஆம் ஆண்டுத் தோல்வியை 2009இல் படமாக்கினார்கள். கடைசியில் கோப்பை இல்லாமலும் ஒரு பயிற்சியாளரின் கதை நிற்கும் என்பதற்கு அது சாட்சி. அந்தத் துணிச்சல் நமக்கும் வர வேண்டும்.

கதைக்குப் பஞ்சமா? குமரியின் மேற்குக் கடற்கரைக்கு வந்து பாருங்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று ஆழ்கடல் மீன்பிடிக்குப் பேர்போன ஊர்கள் எல்லாம் கால்பந்து ஊர்கள். இரவிபுத்தன்துறை மீனவக் குடும்பத்தின் மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கு ஆடினார். 2017 ஒக்கிப் புயல் இந்தக் கரையின் எத்தனையோ வீடுகளில் ஆண்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் இங்கே பந்து நிற்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டி ஆடக் கற்றுக்கொடுக்கும் மூத்தவர்கள் இல்லாமல் இது நடக்காது. ஆனால் அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

தமிழில் கால்பந்துப் படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் இவர்களைத் தேடிப் போக வேண்டும். கிழிந்த பூட்ஸுக்குப் பதில் யார் வாங்கித் தருகிறார், அப்பா கடலுக்குப் போன வீட்டுப் பையனை மைதானத்துக்கு யார் கூட்டிவருகிறார் என்று காட்டட்டும். இறுதியாட்டக் காட்சி இல்லாவிட்டாலும் நான் டிக்கெட் எடுப்பேன்.