சிறுத்துப்போன சட்டையும் பாச்சை உருண்டையும்

பிறந்த ஓராண்டுக்குள் ஒரு குழந்தையின் எடை ஏறத்தாழ மும்மடங்காகிறது. 50 சென்டிமீட்டர் நீளமாக இருந்த குழந்தை 75 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. ஆசை ஆசையாக வாங்கிய சட்டைகள் மூன்றே மாதத்தில் சிறுத்துப் போவதில் வியப்பில்லை. கிழியவில்லை, சாயமும் போகவில்லை. தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? ‘அடுத்த பிள்ளைக்கு ஆகும்’, ‘நாத்தனார் முழுகாமல் இருக்கிறாள், அவளுக்குக் கொடுக்கலாம்’ என்று மடித்து வைக்கிறோம். ஓர் அறையும் சமையற்கட்டுமே உள்ள வீட்டில் எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அல்லது தூளி கட்டிய அதே அறையின் பரண். பூச்சி அரிக்காமலிருக்க உள்ளே நாலைந்து பாச்சை உருண்டைகள். இந்த உருண்டையைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

அந்துருண்டை என்றும் சொல்லப்படும் இது பெரும்பாலும் நாப்தலீன் என்னும் பொருளால் ஆனது. நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; ஆனால், உருகாமலே சாதாரண அறை வெப்பத்தில் நேராக ஆவியாகிவிடும். இதைப் பதங்கமாதல் என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். ஓர் உருண்டையைப் பள்ளித் தராசில் நிறுத்துத் தாளின்மேல் வைத்து, வாரம் ஒருமுறை மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வரும். (தொட்ட கையைக் கழுவ மறக்க வேண்டாம்.) குறைந்த எடை எங்கே போயிற்று? ஒரு பகுதி காற்றில் கலந்தது. பெட்டிக்குள் இருந்தால், ஒரு பகுதி துணியின் இழைகளில் போய்த் தங்கியிருக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான்.

பெரியவர்களில் பெரும்பாலோர்க்கு இந்த நெடி தலைவலியோடு போய்விடும். பச்சிளங்குழந்தையின் நிலை வேறு. ஏன் என்று அறிய, இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் நுழைய வேண்டும். அங்கே ஜி-6-பி-டி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமந்து திரியும் சிவப்பணு, அதே ஆக்சிஜனின் தாக்குதலால் கெட்டுப்போகாமல் காக்கும் வேலை இந்த நொதியைச் சார்ந்தது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. மலேரியாவுக்கான பிரைமாக்குவின் மருந்தை உட்கொண்ட சிலருக்கு மட்டும் ஏன் இரத்தம் சிதைகிறது என்று ஆராய்ந்தபோது, 1956-இல் இந்தக் குறை கண்டறியப்பட்டது. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்; இந்தியாவிலும் பல பகுதிகளில் உண்டு. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளையே அதிகம் பாதிக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோதித்தால் ஒழிய, தாய்க்கும் தந்தைக்கும் தெரிய வழியில்லை.

நாப்தலீன் உடலுக்குள் சென்றதும் நாப்தால் முதலிய பொருள்களாக மாறுகிறது. காப்பு இல்லாத சிவப்பணுக்கள் இவற்றைத் தாங்காமல் உடைகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்ற வேண்டிய ஈரல் பச்சிளங்குழந்தைக்கு இன்னும் முதிரவில்லை. மஞ்சட்காமாலை முற்றுகிறது; பிலிருபின் மூளையிலேயே படிந்துவிட்டால் மீளாத ஊனமோ மரணமோ நேரலாம். 1963-இல் கிரீஸ் நாட்டு மருத்துவர்கள் இவ்வாறு பாதிக்கப்பட்ட 21 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். நாப்தலீனோடு வைத்திருந்த துணிகளும் போர்வைகளுமே காரணம். இரு குழந்தைகள் இறந்தன. பெரும்பாலான குழந்தைகளின் தோலில் அத்துணிகள் படக்கூட இல்லை. அறையில் இருந்த ஆவியைச் சுவாசித்ததே போதுமானதாயிருந்தது. தோலின் வழியாகவும் இது உட்புகும். எண்ணெய் தடவிய தோலில் இன்னும் எளிதாக. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் வீடுகளில் இதை மனத்தில் கொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2008 முதல் நாப்தலீன் உருண்டைகளுக்குத் தடை இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் குழந்தைச் சட்டைகளுக்குப் பாச்சை உருண்டை தேவையே இல்லை. துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு தின்பது கெரட்டின் போன்ற புரதத்தை. அது கம்பளியில் உண்டு, பருத்தியில் இல்லை. பருத்திச் சட்டையின் பகைவர்கள் மூவர்: ஈரம், பழைய கறை, இராமபாணப் பூச்சி. இராமபாணத்துக்கு மாப்பொருள் பிடிக்கும். ஆகவே எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடக் கூடாது. பால் கக்கிய இடம் துவைத்ததும் வெளுத்ததுபோல் தெரிந்தாலும், இழையில் எஞ்சிய கொழுப்பு மெல்ல மெல்ல ஆக்சிஜனோடு கூடி ஆறு மாதத்தில் மஞ்சளாகத் தலைகாட்டும். முதலில் குளிர்ந்த நீரில் ஊற வைத்துப் பிறகு சோப்புப் போட வேண்டும். எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் பாலின் புரதம் இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஈரத்தின் கதை சற்று நுட்பமானது. கைக்குக் காய்ந்ததாகப் படும் பருத்தியும் மழைக்காலக் காற்றிலிருந்து தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த நிலையில் பாலிதீன் பையில் இறுகக் கட்டினால் ஈரத்தையும் சேர்த்தே கட்டுகிறோம். பூஞ்சணம் பூப்பது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டை கட்டாமல், நல்ல வெயிற்காலத்தில் இரண்டு நாள் உலர்த்தி, நிழலில் சூடு ஆறவிட்டு, பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி வைத்தால் போதும். மடிப்பதைவிடப் பாய்போல் சுருட்டினால் பெட்டியில் இடம் மிஞ்சும். வெயில் காயும் மாடியின் கீழுள்ள பரண் எலாஸ்டிக் வைத்த ஜட்டிகளுக்கு ஆகாது. வெப்பத்தில் ரப்பர் இறுகி நொறுங்கும். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும் மட்டும், நன்கு துவைத்து, இறுக மூடும் டப்பாவில் தனியே இருக்கட்டும். ஒவ்வோர் அளவிலும் நல்லதாக நாலு வைத்துக்கொண்டு மற்றவற்றை உறவிலோ தெருவிலோ தேவைப்படும் குழந்தைக்கு அப்போதே கொடுத்துவிடுவது, இட நெருக்கடிக்கு எல்லாவற்றையும்விட நல்ல வழி.

ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த பெட்டி இருந்தால், பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே அதை வீட்டுக்கு வெளியே திறந்து, துணிகளைத் துவைத்து, நெடி அறவே போகும்வரை பல நாள் வெயிலிலும் காற்றிலும் போட வேண்டும். நெடி போகாத துணியைக் குழந்தைக்கு அணிவிக்கலாகாது. உருண்டைகளைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் போடவும் கூடாது. மிட்டாய் என்று விழுங்கிய பிள்ளைகள் உண்டு. அந்த நெடியுள்ள துணியோடு இருந்த குழந்தை வெளுத்தோ மஞ்சளித்தோ சோர்ந்தோ காணப்பட்டால், அல்லது சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பாச்சை உருண்டை வைத்த துணி என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.