பிளக்கை மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள்
வள்ள எஞ்சின் பழுதை நீங்களே கண்டறிவது எப்படி?

ஊர் திரும்பி மீண்டும் கடற்தொழிலைத் தொடங்கும் குடும்பங்களிடம் பலவகை எஞ்சின்கள் இருக்கின்றன. சிலரிடம் இருப்பது இடம்பெயரும்போது விட்டுச்சென்ற பழைய எஞ்சின். சிலர் கைமாறி வாங்கியிருக்கிறார்கள். சிலருக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்திருக்கிறது. எதுவாக இருந்தாலும், கரையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒரு நாள் தொழில் போகிறது. கடலில் நின்றுவிட்டால் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் வள்ளம் போகிறது.

எஞ்சின் இடக்குப் பண்ணினால் பலரும் முதலில் செய்வது புதுப் பிளக் வாங்கிப் போடுவதுதான். எஞ்சின் சில நாட்கள் நன்றாக ஓடும். பிறகு அதே பழுது திரும்பி வரும். காரணம், பல வேளைகளில் பிளக் கெடுவதே வேறொரு பழுதினால்தான். அந்தப் பழுது எது என்பதைப் பழைய பிளக்கின் நிறமே காட்டித்தரும். எனவே அதை வீசிவிடாமல் முதலில் பாருங்கள்.

எப்போது பிளக்கைச் சந்தேகிக்கலாம்?

• பலமுறை கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகாதபோது
• ஓடும்போது விட்டுவிட்டு அடிக்கும்போது, வழமையை விட அதிகமாக அதிரும்போது
• இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் மட்டும் ஓடுவதுபோல வேகம் குறையும்போது
• மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் நின்றுவிடும்போது

எஞ்சினைத் திறப்பதற்கு முன், நிறுத்தும் ஆளியில் செருகும் கயிற்றுக் கொளுக்கி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் பிளக்கில் தீப்பொறி வராது.

பிளக்கின் நிறம் என்ன சொல்கிறது?

எஞ்சின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். தொப்பியைப் பிடித்துக் கழற்றுங்கள். மேல் பிளக் எது, கீழ்ப் பிளக் எது என்று அடையாளம் வையுங்கள்.

இளம் மண்ணிறம்: எஞ்சின் நன்றாக எரிகிறது. பழுது பிளக்கில் இல்லை.

காய்ந்த கரி: காற்றைவிட எரிபொருள் அதிகமாகப் போகிறது. சோக் மூடியபடி ஓடியிருக்கலாம். எஞ்சின் சூடாகும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருக்கலாம். நீண்ட நேரம் மிக மெதுவாக ஓட்டினாலும் கரி பிடிக்கும்.

ஒயில் பிசுபிசுப்புடன் கறுப்பு: ஒயில் கலவை கூடிவிட்டது, அல்லது தீப்பொறி பலவீனமாக இருக்கிறது. கலவை அளவை எஞ்சின் கைநூலில் பாருங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்ற வேண்டாம்.

எரிபொருளில் நனைந்திருத்தல்: எரிபொருள் வருகிறது, ஆனால் பற்றவில்லை. கீழே சொல்லும் தீப்பொறிச் சோதனையைச் செய்யுங்கள்.

வெள்ளை நிறம், முனை உருகியிருத்தல்: இதுவே மிக ஆபத்தான அடையாளம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஒயில் குறைந்திருக்கலாம், எரிபொருள் வழி அடைத்திருக்கலாம், பிளக் இலக்கம் தவறாக இருக்கலாம். காரணம் தெரியும்வரை ஓட்ட வேண்டாம், பிஸ்டன் போய்விடும்.

தண்ணீர்த் துளி, துரு: கொஞ்சம் எரிபொருளைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். எரிபொருள் சுத்தமாக இருந்தும் பிளக் நனைந்தால், உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியக்கூடும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெள்ளைப் பீங்கானில் வெடிப்பு இருந்தாலோ, முனை தேய்ந்து உருண்டிருந்தாலோ பிளக்கை மாற்றத்தான் வேண்டும்.

தீப்பொறிச் சோதனை

1. எரிபொருள் குழாயைக் கழற்றி, பிளக் துவாரங்களைத் துணியால் மூடுங்கள். அருகில் பெற்றோல் இருக்கக்கூடாது, புகைக்கவும் கூடாது.
2. இரண்டு பிளக்குகளையும் தொப்பியில் பொருத்தி, அவற்றின் உலோக உடல் எஞ்சினின் வெறும் உலோகத்தில் தொடும்படி, துவாரங்களுக்குத் தூரமாக வையுங்கள்.
3. பிளக்கை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். மின் அதிர்ச்சி பலமாக இருக்கும். றப்பர் பிடியுள்ள குறட்டைப் பயன்படுத்துங்கள்.
4. நிழலான இடத்தில் நின்று கயிற்றை இழுங்கள். நீல நிறத்தில் பலமாகப் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக வந்தால் பலவீனம்.

ஒரு பிளக்கில் மட்டும் பொறி இல்லை என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது பிளக்குடன் சேர்ந்து மறுபக்கம் போனால் பிளக்கை மாற்றுங்கள். அதே சிலிண்டரில் நின்றால் தொப்பி, வயர், கொயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தொப்பிக்குள் பச்சையாகப் படியும் உப்புத் துருவே சிலவேளை முழுக் காரணமாக இருக்கும். இரண்டிலும் பொறி இல்லாவிட்டால் புதுப் பிளக் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். மின் பகுதியைப் பரிசோதிக்க வேண்டும்.

புதிய பிளக் பூட்டும்போது

கைநூலில் உள்ள அதே இலக்கத்தை வாங்குங்கள். ஓர் எழுத்து, ஓர் எண் மாறினாலும் அது வேறு பிளக். உதாரணமாக, என்.ஜீ.கே. பிளக்கில் இறுதியில் வரும் 10 என்ற எண், முனைகளின் இடைவெளி 1.0 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். முதலில் கையால் இறுதிவரை திருகுங்கள். பிறகு பிளக் சாவியால் கால் முதல் அரைச் சுற்று போதும். அதற்குமேல் இறுக்கினால் அலுமினியப் புரி கெட்டுவிடும்.

நெடுநாள் கிடந்த எஞ்சின்

உடனே கயிற்றை இழுக்காதீர்கள். பழைய எரிபொருளை அகற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது டூ-ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் பிரயோகிக்க வேண்டாம்.

முக்கியம்: கைவிடப்பட்ட வாடியிலோ பற்றைக்குள்ளோ எஞ்சின் கிடப்பதைக் கண்டால், மிதிவெடி அகற்றப்பட்ட பகுதி என்று உறுதியாகத் தெரியும்வரை அருகில் போகாதீர்கள். கிராம அலுவலரிடம் அறிவியுங்கள்.

பிளக் நீண்டகாலம் உழைக்க

பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடான பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். கரைக்கு வரும்போது, நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். குழாயில் மண்ணெண்ணெய் தங்காது. அடுத்த நாள் எளிதாக ஸ்டார்ட் ஆகும்.

கடலுக்குப் போகும்போது கொண்டுசெல்லுங்கள்

• சரியான இலக்கமுள்ள இரண்டு பிளக்குகள், ஈரம் படாத மூடிய போத்தலில்
• பிளக் சாவி, குறடு, காய்ந்த துணி
• துடுப்பு, நங்கூரம், குடிநீர், உயிர்காப்பு அங்கி
• நீர் புகாத பையில் கைத்தொலைபேசி, டோர்ச் லைட்

எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பப் பிந்தினால், உங்களை எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.