பூட்டிய வானம்: ஒன்பதரை மணிப் பயணம் பதின்மூன்றானது எப்படி?

பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு 2022 பிப்ரவரி வரை விமானத்தில் ஏறினால் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அடுத்த மாதமே அது ஏறக்குறைய 13 மணி நேரமானது. ஊர்கள் நகரவில்லை. பறப்பதும் அதே ஏர்பஸ் ஏ350தான். நடுவில் இருந்த வானம்தான் பூட்டப்பட்டுவிட்டது.

உலக உருண்டை ஒன்றை எடுத்து, இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சுவர் வரைபடத்தில் தோன்றுவதுபோல் அது கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்காது. வடக்கே வளைந்து சைபீரியாவின் மேல் ஏறிப் பிறகு இறங்கும். உருண்டையின் மீது குறுக்குவழி என்பது அந்த வளைவுதான். நீளம் சுமார் 7,800 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ரஷ்ய வானம்.

அந்த வளைவை நம்பியே பின்லாந்தின் ஃபின்ஏர் விமான நிறுவனம் தன் ஆசியத் தொழிலை வளர்த்தது. கிழக்காசியாவுக்குப் போய் 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்பதால், ஒரே விமானத்தைத் தினமும் அதே நேரத்துக்கு அனுப்ப முடிந்தது.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் எல்லாம் மாறியது. பிப்ரவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மறுநாளே ரஷ்யா பதிலுக்கு மூடியது. மிஞ்சியவை இரண்டே வழிகள்: வடதுருவத்தைத் தாண்டி பெரிங் நீரிணை வழியாக இறங்குவது, அல்லது தெற்கே மத்திய ஆசியாவைச் சுற்றிக்கொண்டு போவது. வடக்கு வழி மட்டுமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். எரிபொருள் அதிகம், விமானிகளும் அதிகம். 24 மணிக் கணக்கும் உடைந்தது. துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஃபின்ஏர் நினைவுச் சான்றிதழ் கொடுத்தது.

இந்தத் துருவ வழி புதிய பாதையும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மேற்கத்திய விமானங்களுக்குப் பெரும்பாலும் எட்டாதது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகும் பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. 1983இல் ஃபின்ஏரின் டிசி-10 விமானம் எங்கும் இறங்காமல் துருவத்தின் வழியே டோக்கியோ போனபோது அது பெரிய சாதனை. சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, அன்று சாதனையாக இருந்ததே கட்டாயமாகத் திரும்பி வந்தது. தரையில் நடக்கும் போரின் விலையில் ஒரு சிறு பங்கு இப்படி ஆகாயத்திலும் வசூலாகிறது. சீன விமான நிறுவனங்களோ இன்னும் ரஷ்யாவின் மேலேயே பறந்து ஐரோப்பா சேர்கின்றன.

ஆகவே, நெடுந்தூரம் பறக்க டிக்கெட் எடுக்கும்போது இரு நகரங்களுக்கு இடையிலான கிலோமீட்டரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பயண நேரம் எவ்வளவு என்று பாருங்கள். டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி என்பதையும் மறக்க வேண்டாம்: டோக்கியோ கடிகாரம் ஹெல்சின்கியைவிடக் குளிர்காலத்தில் 7 மணி நேரமும் கோடையில் 6 மணி நேரமும் முன்னே ஓடுகிறது.